ஒட்டுப்பாலைப் பல் என்று வாசித்தவர்

தலைமுடியில் எப்போதும் உப்பு காய்ந்திருக்கும் என் தேவகி அக்காவுக்கு,

முதலில் ஒரு செய்தி. போன மாதம் சிரம்பானில், மண்டபம் நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு மனிதரைத் தலைகுனிய வைத்தேன். எனக்கு அது இனித்தது. இன்னும் இனிக்கிறது. நீ இருந்திருந்தால் என் காதைத் திருகி, "போதும் வா" என்று இழுத்துக்கொண்டு போயிருப்பாய். நீ இல்லாததால்தான் என்னால் செய்ய முடிந்தது.

யார் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. இதைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். கிழக்குக்கரைத் தீவு ஒன்றில் முக்குளிப்பவர்களைக் கடலுக்குக் கூட்டிப்போகும் கடையில் நீ வேலை பார்த்தாய். அவர் அந்தக் கடையின் முதலாளி. நீ அவரை 'சார்' என்று கூப்பிட்டாய். அவர் பெயரை இந்தக் கடிதத்தில் எழுத மாட்டேன். உன் பெயரை வெட்டி எடுத்தவர் அவர். இந்தப் பக்கத்தில் உன் பெயர் மட்டும் இருக்கட்டும்.

கோலா சாவாப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவளின் மகள் எப்படிக் கடலுக்கு அடியில் போனாள் என்று இப்போதும் கேட்கிறார்கள். நான் நீளமாகச் சொல்வதில்லை. போர்ட் டிக்சன் ஹோட்டலில் துணி வெளுக்கப் போனாள், அங்கே நீச்சல் கற்றாள், பிறகு ஒருநாள் தீவுக்குப் பஸ் ஏறினாள் என்று மூன்று வரியில் முடித்துவிடுவேன். அந்த மூன்று வரிக்குள் அம்மாவோடு நீ போட்ட சண்டை எதுவும் வராது. "வெயில்ல கருத்துப்போயி வந்து நிக்கிற, எவன்டி கட்டுவான் உன்னைய?" என்று அம்மா கேட்டபோது, "மீனு கட்டிக்கும்மா, அதுக்கு வெளிச்சம் பத்தாது" என்று சொன்னாயே. அம்மா சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போனதை நீ பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

தொலைபேசியில் நீ பேசுவதெல்லாம் கடல்தான். நுரையீரல் நிறைய மூச்சை இழுத்தால் உடம்பு தானாக மேலே போகும், விட்டால் கீழே இறங்கும், கையைக் காலை ஆட்டவே வேண்டாம் என்பாய். ஆழத்தில் முதலில் சாவது சிவப்பு நிறம்தான், விளக்கை அடித்தால்தான் அது எழுந்து வரும் என்பாய். நான் புத்தகத்தில் படித்ததைச் சொன்னால், "எந்தப் புத்தகத்துலயாச்சும் தண்ணி சத்தம் கேக்குமாடி?" என்று வாயடைப்பாய். சடசடவென்று ஒரு சத்தம் எப்போதும் இருக்குமாமே, பவளப்பாறையில், எண்ணெயில் கடுகு பொரிவது மாதிரி. அது எந்தப் பூச்சியின் சத்தம் என்று கேட்க நினைத்தேன். கேட்காமலே போய்விட்டது.

உன் படங்களுக்கெல்லாம் நீயே பெயர் வைத்தாய். கூட்டைக் காக்கிற பெரிய மீன் ஒன்று, தன் எல்லைக்குள் வந்தவனை மேலே மேலே துரத்தும். அதற்குத் தோட்டத்துக் கங்காணியின் பெயர், மண்டோர். மற்ற மீன்களின் வாய்க்குள் புகுந்து அழுக்கைத் தின்னும் குட்டி மீனின் முன்னால் பெரிய மீன்கள் வாயைத் திறந்தபடி வரிசையில் நிற்கும். அந்தப் படத்துக்குப் பெரட்டு என்று பெயர். அம்மா விடிவதற்கு முன் போய் நிற்பாளே, கணக்கு எழுதும் கிராணி பெயர் கூப்பிடுகிற இடம், அந்தப் பெரட்டு. படத்தை அனுப்பிவிட்டுக் கூடவே எழுதுவாய்: "யாரு கிராணின்னு கண்டுபிடி."

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

நான் ஒரே ஒரு தடவை தீவுக்கு வந்திருக்கிறேன். எனக்கு மிதவைச் சட்டையை மாட்டி, மூச்சுக்குழாயை வாயில் திணித்து, படகின் ஓரத்திலேயே மிதக்க விட்டாய். "குப்புறப் படுத்துக்க, கண்ணத் தொறந்து வெச்சுக்க, வேற எதுவும் செய்யாத" என்றாய். பிறகு டேங்க்கோடு கீழே போனாய். தண்ணீர் அன்று கண்ணாடி மாதிரி இருந்தது. நீ பாறைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் அப்படியே நின்றாய். எதையும் தொடவில்லை. உன் மூச்சுக் குமிழிகள் என் வயிற்றில் வந்து முட்டி உடைந்தன. ஒரு வெளிச்சம் வெட்டும். நீண்ட நேரம் ஒன்றும் இருக்காது. மறுபடி ஒரு வெட்டு. எதைப் படம் எடுக்கிறாய் என்று மேலேயிருந்து தெரியவே இல்லை. பாறையில் ஏதோ வெள்ளையாக ஒட்டியிருந்தது, அவ்வளவுதான்.

மேலே வந்ததும் வாயிலிருந்த குழாயைத் துப்பிவிட்டு நீ சொன்ன முதல் வார்த்தை, "ஒட்டுப்பாலுடி!"

படகில் ஏறிக் கேமராத் திரையைக் காட்டினாய். ஓடில்லாத கடல்நத்தை ஒன்று, ஊதா உடம்பும் மஞ்சள் விளிம்புமாக, தான் இட்ட முட்டைகளைச் சுற்றி நகர்ந்துகொண்டிருந்தது. முட்டைகள் தனித்தனியாக இல்லை. வெள்ளை நாடா ஒன்று சுழன்று சுழன்று ரோஜாப்பூ மாதிரி நின்றது. ரப்பர் மரத்தின் வெட்டில் நேற்றைய பால் காய்ந்து நாடாவாக ஒட்டியிருக்கும், அதுதான் ஒட்டுப்பால். அடுத்த வெட்டுக்கு முன் அதை உரித்துச் சாக்கில் போடுவது நம் வேலை. அதே வெள்ளை, அதே சுருள்.

அந்த வார்த்தைக்கு நம் இருவரிடமும் வேறு ஒரு அர்த்தமும் இருந்தது. இதுவரை வெளியே சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். ஒட்டுப்பால் நாறும். சாக்கு சுமந்தால் அந்த நாற்றம் தலைமுடிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. டவுன் இடைநிலைப்பள்ளியில் நம்மைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டவர்கள் வேற்று இனத்தவர்கள் இல்லை, நம் ஆட்கள்தான், டவுன் வீட்டுப் பிள்ளைகள். "ஒட்டுப்பாலு வருது, தள்ளிக்க" என்பார்கள். நீ பெரிய ஒட்டுப்பால், நான் சின்ன ஒட்டுப்பால். நான் கழிப்பறையில் அழுவேன். நீ என்ன செய்தாய் என்று எனக்குத் தெரியாது, ஏனென்றால் நீ ஒருநாளும் சொல்லவில்லை.

அந்தப் பெயரை எடுத்து, உன் வாழ்க்கையில் நீ பார்த்ததிலேயே அழகான ஒன்றுக்கு வைத்தாய். படகில் அதை நீ சொன்னபோது சிரித்துக்கொண்டிருந்தாய்.

அன்று அவர் படகில்தான் இருந்தார். சளி பிடித்துக் காது அடைத்திருந்ததால் தண்ணீரில் இறங்கவில்லை. தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு முன்பக்கம் படுத்திருந்தார். நீ கேமராவை நீட்டியபோது தொப்பியைத் தூக்கிப் பார்த்து, "நைஸ்" என்றார். மறுபடி கவிழ்த்துக்கொண்டார்.

அவர் எப்படிப் படம் எடுப்பார் என்றும் நீ ஒருதடவை சொன்னாய். கடற்குதிரை ஒன்று மங்கலான இடத்தில் இருந்ததாம். பின்னணி சரியில்லை என்று இரும்புக் குச்சியால் அதை நெம்பி எடுத்துச் சிவப்புப் பவளத்தில் கொண்டுபோய் வைத்தாராம். மறுநாள் நீ போய்த் தேடினாய். பழைய இடத்திலும் இல்லை, புது இடத்திலும் இல்லை. அப்புறமும் நீ, "சார் நல்லவருதான்டி, கஸ்டமர் முன்னாடி டென்ஷன்ல செஞ்சிட்டாரு" என்றாய். உன்னுடைய இந்தப் பெரிய மனசுதான் எனக்கு எப்போதும் எரிச்சல். அதை அவர் எத்தனை வருஷம் சாப்பிட்டார்?

தீபாவளிக்கு வந்த நீ ரந்தாவ் சாலையில் லாரிக்கு அடியில் போனாய். அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை, எழுதவும் வேண்டாம். நீ போன மறுநாள் அவர் வந்தார். மலர்வளையம் கொண்டுவந்தார். "தேவகி எனக்குத் தங்கச்சி மாதிரிம்மா" என்று அம்மாவின் கையைப் பிடித்து அழுதார். அம்மா அவருக்குக் காப்பி கலந்து கொடுத்தாள். காப்பியைக் குடித்து முடித்ததும், கேமரா கடையுடையது, வீட்டில் இருக்கிறதா என்று கேட்டார். காரியம்கூட முடியவில்லை. அம்மா உன் அறைக்குப் போய், பெட்டியை ஒரு துண்டால் துடைத்து, இரண்டு கையாலும் கொண்டுவந்து கொடுத்தாள். துண்டையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டார்.

இரண்டு தீபாவளி போயிற்று. இந்த வருஷம் ஒருநாள் மதியம், லோபாக்கில் நான் வேலை பார்க்கும் வக்கீல் அலுவலகத்துக்குக் கீழே இருக்கிற அச்சுக்கடைக் கண்ணாடியில், கடல் சிரம்பானுக்கு வருகிறது என்று ஒரு படக் கண்காட்சிச் சுவரொட்டி. நடுவில் ஊதாவும் மஞ்சளுமாக அந்த நத்தை, வெள்ளை ரோஜா. மேலே அவர் பெயர். கீழே அவர் பெயர். சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. சாம்பார் கசிந்து என் சட்டையெல்லாம் ஆகியிருந்தது.

எங்கள் வக்கீலம்மாவிடம் கேட்டேன். பொறுமையாகக் கேட்டார். நீ அந்த முதலாளியிடம் சம்பளத்துக்கு இருந்தவள், அவருடைய கேமரா, அவருடைய படகு. படங்கள் தொழிலுக்காக எடுத்தவை என்று வாதாடுவார்கள். ஜெயிக்க முடியாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் வருஷக்கணக்கில் இழுக்கும் என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உனக்கு எது வேண்டும், படமா, பெயரா?" என்று கேட்டார். இரண்டு நாள் அந்தக் கேள்வியோடு சுற்றினேன்.

அந்த வார இறுதியில் அவருடைய கண்காட்சிப் பக்கத்தை ஃபோனில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மண்டோர் இருந்தது. பெரட்டு இருந்தது. உன் பெயரைத் தூக்கி எறிந்தவர், நீ வைத்த பெயர்களை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டிருந்தார். கடைக் கணினியில் தமிழ் இல்லாததால் நீ ரூமியில், அதாவது ஆங்கில எழுத்தில், தட்டச்சு செய்து வைத்தவை. ரூமியில் பாலுக்கும் பல்லுக்கும் ஒரே மூன்றெழுத்து. கோலாலம்பூரில் பிறந்து வளர்ந்த அந்த மனிதர் ஒரு ரப்பர் மரத்தைத் தொட்டிருப்பாரா? வெள்ளை ரோஜாவுக்குக் கீழே தமிழ் வாசகர்களுக்காக அவர் அச்சடித்திருந்தார்: 'ஒட்டுப் பல் – தீவு மீனவர்கள் வழங்கும் பெயர்.'

அதைப் படித்துவிட்டுச் சிரித்தேன் அக்கா. நீ போனதற்குப் பிறகு முதல் தடவையாக, தனியாக, வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்து முடித்தபோது எனக்கு வழி தெரிந்துவிட்டது.

அம்மாவிடம் சொன்னேன். "விட்டுரு லா. பெரிய ஆளுங்ககூட நமக்கு என்னா? அந்த மனுஷன் அழுதுட்டுப் போனாரு" என்றாள். நான் சண்டை போடவில்லை. சும்மா படம் பார்க்கத்தான் போகிறேன், அக்கா பார்த்த கடலை நீயும் பார்க்க வேண்டாமா என்றேன். அது பொய்யும் இல்லை. அம்மா புடவை மாற்றிக்கொண்டாள். மம்பாவில் நம் பக்கத்து வீட்டு ருக்கு அத்தை, தின்னக் கறிபாப் கொடுப்பார்களாம் என்று கேள்விப்பட்டுத் தானும் வண்டியில் ஏறிக்கொண்டாள். வண்டி ராசா ஊரைத் தாண்டும்வரை, "மீன உசுரோட படம் எடுத்து என்னாடி பண்ணுறது, சட்டியில போட்டாலாச்சும் பிரயோஜனம்" என்று பேசிக்கொண்டே வந்தாள்.

மண்டபத்தில் கூட்டம். பாதிப்பேர் நம்மைப் போலத் தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்தவர்கள் என்று உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. அம்மா ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்றாள். உன்னுடையவை எவை, அவருடையவை எவை என்று நான் சொல்லவில்லை. அவளே சொன்னாள். அவர் படங்களில் மீன்கள் ஓடிக்கொண்டிருந்தன, முன்னால் வெள்ளைத் தூசி பறந்துகொண்டிருந்தது. உன் படங்களில் அவை வீட்டில் இருப்பது மாதிரி இருந்தன. வெள்ளை ரோஜாவின் முன்னால் வந்து, கீழே இருந்த அட்டையை அம்மா எழுத்துக்கூட்டிப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அவர் பேசினார். நன்றாகப் பேசுவார், உனக்குத் தெரியுமே. ஆழம், தனிமை, பொறுமை என்றெல்லாம் சொன்னார். நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. கேள்வி நேரத்தில் கையைத் தூக்கினேன்.

"சார், அந்த வெள்ளைப் படத்துக்குப் பேரு ரொம்ப அழகா இருக்கு. எங்க சார் கெடச்சுச்சு?"

அவருக்கு மகிழ்ச்சி. "குட் கொஸ்டின். தீவுல வயசான மீனவர் ஒருத்தரு, நம்ம ஃப்ரெண்டு. அவருதான் இதுக்கு ஒட்டுப் பல்லுன்னு பேருன்னாரு. ஓரத்தப் பாருங்க, பல்லு பல்லா ஒட்டியிருக்கு."

"வீடியோ எடுத்துக்கிறேன் சார். இன்னொரு தடவ சொல்றீங்களா?"

தாராளமாகச் சொன்னார். இந்தத் தடவை அந்த மீனவருக்குத் தாடி முளைத்தது, ஒரு பழைய படகும் வந்தது. நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். முழுக்கக் கட்டி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

"அந்த மீனவரு தமிழரா சார்?"

கொஞ்சம் யோசித்தார். "இல்ல. மலாய்க்காரரு."

"மலாய்க்காரரா சார் பல்லுன்னு தமிழ்ல பேரு வெச்சாரு?"

பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். மேடையில் நின்றவர், மீனவர் மலாயில் சொன்னதைத் தான்தான் மொழிபெயர்த்ததாகச் சொல்ல ஆரம்பித்தார். அதற்குள் ருக்கு அத்தை கறிபாப்பை மடியில் வைத்துவிட்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி அம்மாவிடம் சொன்னாள்: "பல்லா? அது நம்ம ஒட்டுப்பாலு லா!"

மண்டபம் ஒரு நொடி அந்த வார்த்தையை வாய்க்குள் போட்டுப் பார்த்தது. பிறகு சுவரைப் பார்த்தது. வரிசை வரிசையாகச் சிரிப்பு கிளம்பி வந்தது. சிரிப்பு அடங்கட்டும் என்று நின்றேன். அப்புறம் சொன்னேன், சத்தம் போடாமல்.

"பல்லு இல்ல சார், பாலு. அந்தப் படத்த எடுத்தப்ப நீங்க காதடச்சு படகுல படுத்திருந்தீங்க. நான் தண்ணியில மெதந்துகிட்டிருந்தேன். கீழ இருந்தது எங்கக்கா. பேரு வெச்சதும் எங்கக்கா. தேவகி."

அவர் என்னையே பார்த்தார். பிறகு கேட்டார்: "எந்தத் தேவகி?"

அக்கா, அவர் நிஜமாகவே மறந்துபோய்க் கேட்டாரா, இல்லை மறந்ததுபோல் கேட்டாரா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. எது மோசம் என்றும் தெரியவில்லை.

அம்மா எழுந்து நின்றாள். அவளைப் பார்த்ததும் அவருக்கு முகம் மாறியது. காப்பி கொடுத்த கை ஞாபகம் வந்திருக்க வேண்டும். மைக் கையில் இருப்பதை மறந்து சொன்னார்: "ஓ, அந்தப் பொண்ணா. என் கடையில டேங்க் தூக்கிக்கிட்டிருந்த பொண்ணு. கேமரா என்னோடது, படகு என்னோடது. கீழ அவ இழுத்த காத்துகூட என் டேங்க்ல நான் அடைச்ச காத்துதாம்மா."

யாரும் சிரிக்கவில்லை. அம்மா அவரைத் தாண்டி நடந்தாள். வெள்ளை ரோஜாவிடம் போனாள். அட்டையின் மூலையில் கட்டைவிரல் நகத்தைக் கொடுத்து, அவசரப்படாமல், கிழியாமல், ஒரே இழுப்பில் உரித்து எடுத்தாள். கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். "வாங்க போலாம்" என்றாள். ஏற்பாட்டாளர் ஒருவர் முன்னால் வந்தார், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வழிவிட்டார்.

விட்டுவிடு என்று இத்தனை நாள் சொன்ன அம்மா, வண்டி மம்பாவ் வளைவில் திரும்பும்போது என்னிடம் கேட்டாள்: "வீடியோ ஓடுச்சா?"

ஓடியது, அக்கா. காற்றுக்கும் சொந்தம் கொண்டாடியதுவரை எல்லாமே ஓடியது. அன்று மாலையே தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினேன். அனுப்பும் முன்னால் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. ஊரெல்லாம் போயிற்று. யாரோ அவருக்கு 'பல் டாக்டர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பள்ளியில் நமக்குப் பெயர் வைத்தவர்களில் எத்தனை பேர் அதைப் பகிர்ந்தார்களோ தெரியாது. எனக்கு அவர் முகம் மாறுகிற அந்த இடம்தான் பிடிக்கும். ஆஃபீசில் மதியச் சாப்பாட்டின்போது அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பழிவாங்கினால் மனசு வெறுமையாகிவிடும் என்று நான் படித்த நாவல்கள் சொல்லியிருக்கின்றன. எனக்கு அப்படி ஆகவில்லை. நன்றாகப் பசிக்கிறது, நன்றாகத் தூங்குகிறேன்.

ஒரு வாரத்தில் அவரே கூப்பிட்டார். "என்னாம்மா வேணும் உனக்கு?"

"பேரு சார்."

கண்காட்சியின் கடைசிப் பலகையில், உதவியவர்களுக்கு நன்றி என்ற இடத்தில் உன் பெயரையும் சேர்ப்பதாகச் சொன்னார். நன்றி வேண்டாம், உங்கள் பெயர் எங்கே இருக்கிறதோ அங்கே வேண்டும் என்றேன். எந்தெந்தப் படத்தில் என்று கேட்டார். "உங்களுக்கே தெரியும் சார். மைக்குல நீங்களே சொல்லுங்க" என்றேன். ஃபோனை வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததையும் உன்னிடம் மறைக்கக் கூடாது. வெள்ளை ரோஜாவைக் கண்காட்சியிலிருந்து எடுத்துவிட்டார். எடுத்து எங்கே வைத்தார் என்று யாருக்கும் தெரியாது. ஏதாவது கிடங்கில் சுவரைப் பார்த்தபடி சாய்ந்து நிற்கும். மண்டோருக்கும் பெரட்டுக்கும் இப்போது பெயர் இல்லை, எண்கள்தான். உன்னை ஒப்புக்கொள்வதைவிட அந்தப் பெயர்களை இழப்பது அவருக்குச் சுலபம். என்னிடம் இருப்பது நீ அன்றைக்கு ஃபோனில் அனுப்பிய சின்னப் படம் மட்டும். பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைகிறது. நான் கை தூக்காமல் இருந்திருந்தால் அந்தப் படம் இன்னும் சுவரில் இருந்திருக்கும், அவர் பெயரோடு. எது மேல் என்று நீ கேட்பாய். எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் பெயருக்குக் கீழே ஆயிரம் பேர் பார்ப்பதைவிட அது இருட்டில் நிற்கட்டும்.

அம்மா போதும் என்கிறாள். அட்டையை உரித்தபோதே அவளுக்குத் தீர்ந்துவிட்டதாம். இருக்கலாம். அவள் உன்னைப் பெற்றவள், அவளுக்கு உன் மனசு இருக்கிறது. எனக்கு இல்லை. நான் பேசாத பெண் என்றுதான் எல்லோருக்கும் தெரியும், இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்புவதை நினைத்தாலே கை வேர்க்கிறது. ஆனாலும் அனுப்புகிறேன், அவரும் படிப்பார் என்பதற்காக.

அடுத்து ஈப்போவில் கண்காட்சி. நான் பஸ்ஸுக்குச் சொல்லி வைத்துவிட்டேன். இந்தத் தடவை வார்த்தைப் பொறி இல்லை. ஒட்டுப்பால் செய்த வேலையை எண்கள் செய்யாது. பரவாயில்லை. ஒவ்வொரு படத்தை எடுத்தபோதும் என்ன நடந்தது என்று நீ எனக்குச் சொல்லியிருக்கிறாய். மண்டோர் உன் காலில் மாட்டிய துடுப்பைக் கடித்தது, பெரட்டில் நின்ற பெரிய மீனுக்கு ஒரு கண் இல்லாதது, எல்லாம் என்னிடம் இருக்கிறது. அவரிடம் ஒன்றும் இல்லை. ஒரு படத்தைக் காட்டிக் கேட்பேன்: இதை எடுத்தபோது என்ன சார் நடந்தது? அவர் ஏதாவது சொல்வார். சொல்லட்டும். அடுத்த படத்தைக் கேட்பேன்.

அக்கா, உனக்கு நான் கொடுக்கிற வாக்கு இது. ஈப்போவுக்குப் பிறகு பினாங்கு என்றால் பினாங்கு, ஜொகூர் என்றால் ஜொகூர். அவர் மைக்கைப் பிடிக்கும் ஒவ்வொரு மண்டபத்திலும் முதல் வரிசையில் ஒரு நாற்காலி என்னுடையது. அவர் பேச வாய் திறக்கும் முன்னால் என் முகத்தைத் தேடட்டும். நான் வந்திருக்கிறேனா என்று பார்த்துவிட்டுத்தான் அவர் மூச்சை இழுக்க வேண்டும். ஒருநாள் அவர் களைத்துப்போய், தன் வாயாலேயே, எல்லோரும் கேட்க, உன் பெயரைச் சொல்வார். அப்போது நானும் மறந்தவள் மாதிரி கேட்பேன், "எந்தத் தேவகி சார்?" என்று. அவர் விளக்கிச் சொல்ல வேண்டும். முதலிலிருந்து, முழுசாக.

வேறு பெயரில் கையெழுத்திட விருப்பமில்லாத,
தேவகியின் தங்கச்சி